உள்ளபடி எடுத்த வண்டி

என் வீட்டுக்காரிக்கு ஸலாம்.

உன் உம்மா வீட்டில் நீயும் மகளும் சுகம்தானே? இனி நான் துணி மூட்டையைத் தோட்டம் தோட்டமாகத் தலையில் சுமக்க வேண்டாம். சீமைக்குப் போகும் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத் துரையின் மோட்டார் சைக்கிளை ஏலத்தில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார சைட்காரும் உண்டு. உன்னை அதில்தான் கூட்டி வரப்போகிறேன்.

அதை மண் போட்டு ஏழு தரம் கழுவியாச்சு.

கோவிக்காதே, சொல்கிறேன். "உள்ளபடி எடுக்கணும், பிறகு பேச்சில்லை" என்றார் ஏலக்காரர். எல்லார் முன்னாலும் சரி என்றேன். ஏலம் என் பேருக்கு விழுந்த பிறகு சைட்கார் தார்ப்பாயைத் தூக்கினால், உள்ளே துரையின் கிழட்டு நாய். இறங்கவே இல்லை.

"கவலைப்படாதே, கப்பல் ஏற முந்தி சுட்டுப் போடுறேன்" என்றார் துரை.

"உள்ளபடிதான் எடுத்தேன் துரை, இதுவும் என்னோடதுதான்" என்றேன்.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். துணிக்கடைக் காவலுக்கு வைக்கலாம், வீட்டுக்குள் விடாதே, நாயின் ஈரம் பட்ட இடத்தை மண் போட்டு ஏழு தரம் கழுவணும் என்றார். அப்படியே கடையின் பின்பக்கம் சாக்கில் படுத்திருக்கிறது. ஆனால் இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், ஓடிவந்து ஏறிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உன்னைக் கூட்டிப்போக வருகிறேன். வாசலில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணும் எடுத்து வை.

உன் மகளின் வாப்பா