மூன்று துண்டான பென்சில்

லபாசா டவுனுக்குப் போகும் பஸ் வரும் நேரம். இரவெல்லாம் லாரியில் கரும்பு ஏற்றிவிட்டு வந்த கணவர் ஹனீஃப் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலச் சண்டைக்குப் பிறகு அவரோடு பேச்சில்லை. எழுப்பினால் முதலில் இறங்கி வந்தது ஹமீதாதான் என்றாகிவிடும். அதனால் மகள் ஸைரா அடியில் படம் போட்டிருந்த கடைப் பொட்டலக் காகிதத்தை நீவி, தான் மூன்றாக ஒடித்ததால் சண்டைக்குக் காரணமான பென்சிலின் ஒரு துண்டாலேயே எழுதினாள்:

"தங்கச்சி புள்ளையைப் பார்த்துட்டு வர்றேன். மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் மூடி வச்சிருக்கு. பூனை வரும், பாத்துக்குங்க. ஸைரா பக்கத்து வீட்டு இந்திராவதிகிட்ட இருக்கா, நீங்க எழுந்ததும் கூட்டிட்டு வந்துடுங்க.

நீங்க ஆசையா வாங்கின புதுப் பென்சிலைத் திமிர்ல ஒடிக்கலைங்க. நீளமா இருந்தா கரும்புக் கத்தி மாதிரி முழுக்கையால பிடிக்கிறா. துண்டா இருந்தா விரலுக்கு மட்டும்தான் இடம். உப்பு கிள்ளுற மாதிரி பிடின்னு சொல்லுங்க, போதும். விரலைத் திருகாதீங்க. அடுத்த மாசம் பள்ளிக்கூடம், இப்பவே பென்சிலைக் கண்டா கையை முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறா.

கடைசி ரெண்டு விரலை மடக்கி அதுக்குள்ள புளியங்கொட்டை ஒண்ணு வைங்க, அப்பத்தான் மத்த மூணு விரல் மட்டும் பென்சிலைப் பிடிக்கும். கடலை வேண்டாம், தின்னுடுறா."

ஹார்ன் கேட்டது. மிச்சத்தை ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"கீழே இருக்கிற படம் அவ விரலால பிடிச்சுப் போட்டது. மீசை இருக்கு, அதனால நீங்கதான். வாய் ஏன் இவ்வளவு பெருசுன்னு கேட்டேன். 'அத்தா எனக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித் தர்றாங்க'ன்னா."