துறவி மிளகு

கோமிஜா, 3 நவம்பர் 1983

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட துறவி மிளகைப் பறித்து அடுப்படியில் காயவைத்திருக்கிறேன். கப்பல் வந்ததும் ஸ்பிளித்துக்கு ஏற்றிவிடுகிறேன். உங்கள் ஆய்வுக்கூடம் அதிலிருந்து வடிக்கும் சொட்டு மருந்தைத்தான் டாக்டரம்மா எனக்கும் கொடுத்தார். மாதவிடாய் இப்போது ஒழுங்காக வருகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம். இந்த வீட்டில் தொட்டில் ஆடுமா அக்கா? இவர் வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் பிள்ளைக்கென்று ஒரு சின்னத் துடுப்பு செதுக்கி வைத்திருக்கிறார்.

உன் பெரினா

14 நவம்பர்

அக்கா,

தலையில் கைவைத்துக்கொண்டு எழுதுகிறேன். மார்ட்டின் திருநாளன்று புது ஒயின் திறந்தார்கள். வழக்கம்போல மீன் குழம்பு ஆண்கள் பொறுப்பு. இவர் அடுப்படிச் சாக்கைப் பார்த்து, மிளகென்று இரண்டு கை அள்ளி இடித்துப் போட்டுவிட்டார். படகுக்காரர்கள் அத்தனை பேரும் விரலைச் சூப்பினார்கள். பங்குச் சாமியார் கடைசியாக வந்து ருசி பார்த்தார். "அடப்பாவி விச்கோ, இது ஆசை அடங்க மடத்துல போடுற மிளகுடா! இனிமே நீங்களும் எங்க கட்சிதான்" என்று ஒரே சிரிப்பு.

அன்று முதல் இவர் படகிலேயே படுக்கிறார். "என்னை விட்டுடு பெரினா, என் கதை முடிஞ்சுது" என்கிறார். செதுக்கிய துடுப்பையும் காணோம். பக்கத்து வீட்டு யெலே, ஐந்து பிள்ளைக்காரி, கொல்லை வழியாக வந்தாள். "எங்க வீட்டு மனுசன் மூணு தட்டு தின்னாரு, ஒண்ணும் ஆகல. ஒரு கிலோ குடுடி" என்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பெரினா

ஸ்பிளித், 20 நவம்பர்

அன்புத் தங்கைக்கு,

சிரித்த சிரிப்பில் ஒரு குடுவையைக் கவிழ்த்துவிட்டேன். ஒரு வேளைக் குழம்பு யாரையும் சாமியாராக்காது என்று அவரிடம் சொல். யெலேயை டாக்டரம்மாவிடம் அனுப்பு. பிள்ளை வேண்டாமென்றால் இந்த மிளகை நம்பி இருக்கக் கூடாது. விச்கோவைப் படகிலிருந்து இறக்குவது மட்டும் உன் பாடு. அதற்கு எங்களிடம் சொட்டு கிடையாது.

அக்கா தொப்ரிலா

கோமிஜா, 12 பிப்ரவரி 1984

அக்கா,

உன் கடிதத்தைக் காட்டினேன், நம்பவில்லை. டிசம்பர் கடைசியில் வாடைக்காற்று பிய்த்தெடுத்தது. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் வந்தார். அதற்குமேல் எழுதமாட்டேன்.

டாக்டரம்மா நேற்று உறுதி சொல்லிவிட்டார். சொட்டையும் நிறுத்தச் சொன்னார். நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்தான்.

இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "துறவி மிளகு தின்னும் ஜெயிச்சவன்னு உங்க அக்காவ ஆய்வுக்கூட முத்திரை வச்சு எழுதித் தரச் சொல்லு" என்கிறார். ஒயின் கடையில் மாட்டவேண்டுமாம். அனுப்பித் தொலை, இல்லாவிட்டால் என்னைத் தூங்கவிடமாட்டார்.

துடுப்பு திரும்பி வந்துவிட்டது. இப்போது இன்னொன்றும் செதுக்குகிறார். "ஒரு பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒத்தத் துடுப்பு போட்டா நின்ன இடத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும்டி. நான் படகுல தனியாப் படுத்துப் பாத்தவன், எனக்குத் தெரியாதா?" என்கிறார்.

உன் பெரினா