என் மருமகள் தோற்ற முதல் ஆட்டம்

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று காலை துவைக்கப் போடும்முன் என் சட்டையை உதறினேன். கேரம் பவுடர் மூக்கில் ஏறி, மேலூர் வரை கேட்கும்படி ஒன்பது தும்மல் போட்டேன். பத்தாவது வரவேண்டிய இடத்தில் உன் நினைப்பு வந்துவிட்டது. அந்தப் பவுடரும் போர்டும் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது உன்னால்தானே.

கை கால் பயிற்சி கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், நீ "ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்" என்று சொன்னாய். அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. அதனால்தான் உன்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டேன். என் அக்கா மகள் கயலுக்கு அப்போது பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் நடக்காது, கைவிரல்கள் இறுகியிருக்கும், சக்கர நாற்காலிதான். கையை நீட்டு, மடக்கு என்ற பயிற்சியெல்லாம் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. நீயோ, "சாயங்காலமானா என்ன பண்ணுவ?" என்று கேட்டாய்.

"மாமா கதை விடுவாரு. கேப்பேன்."

"ஐயோ பாவம்" என்றாய். உலகப் புகழ்பெற்ற என் கதைகளுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

ஒத்தக்கடையில் எங்கள் தெருமுனை கேரம் கிளப்பை அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பதை நீதான் கவனித்தாய். "பயிற்சிக்காக நீட்டுன்னா நீட்ட மாட்டாண்ணே. காயை அடிக்கணும்னா தானா நீட்டுவா" என்றாய். நாற்காலி அடியில் நுழையும் அளவுக்குப் போர்டின் ஸ்டாண்டைக் கட்டை வைத்து உயர்த்தினாய். விரலால் சுண்ட முடியாததால், பென்சில் நீளக் குச்சியால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளலாம் என்று கிளப்பில் பேசி முடித்தாய். வாசல்படியில் சரிவுப் பலகை அடித்தது மட்டும் அடியேன். யானைப் படையே ஏறினாலும் தாங்கும்.

அதற்குப் பிறகுதான் என் மாபெரும் குற்றம். கயல் தோற்று முகம் வாடினால் பூமி பிளந்துவிடும் என்று பயந்து, கிளப் பையன்கள் அத்தனை பேருக்கும் ரகசியமாகப் பன் பரோட்டா வாங்கிப் போட்டேன். "எம்புட்டு வேணாலும் தின்னுங்க மாப்ள, அவகிட்ட மட்டும் தோத்துருங்க."

பன்னிரண்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்தாள். அடுத்த ஆட்டத்தில், குழி வாசலிலேயே கிடந்த சிவப்புக் காயை மணி என்கிற மகா நடிகன் மூன்று தடவை தவறவிட்டான். கயல் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "இனிமே போகல. அங்க யாரும் என்கூட விளையாடல" என்றாள். ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நீ வந்தாய். நான் வக்கீலாக மாறினேன். "புள்ள சந்தோஷமா இருக்கட்டும்னுதானே தங்கச்சி…"

"அவ தோக்கணும்ணே. அதுக்கும் சேத்துத்தான் அங்க போறா."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"அவளையும் பசங்களையும் வச்சுக்கிட்டு உள்ளதைச் சொல்லுங்க. நானும் கூட வாரேன்."

சொன்னேன். நெஞ்சில் கைவைத்து, சபை நடுவே, பரோட்டா உட்பட அனைத்தையும் ஒப்புக்கொண்டேன். கயல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "அதான் எல்லாம் குண்டாயிட்டாய்ங்களா?" பிறகு மணியிடம், "உக்காருங்கண்ணே. இன்னொருக்க நடிச்சீங்க, இந்தக் குச்சி உங்க தலையிலதான்."

மணி நடிக்கவில்லை. அடித்து நொறுக்கினான். கயலுக்கு இரண்டு காய்கூட விழவில்லை. என் நெஞ்சு வெடித்த சத்தம் கப்பலூர் ஃபேக்டரிகளில் கேட்டிருக்கும். அவள் கண் கலங்கியது. நான் எழப்போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய்.

"இன்னொரு ஆட்டம்" என்றாள் கயல்.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. கோரிப்பாளையத்தில் உன் தெருவில் அன்று நின்ற சக்கர நாற்காலிகளால் வைகைப் பாலம் வரை வண்டிகள் நகரவில்லை. மிகையில்லை தங்கச்சி, கொஞ்சம்தான் மிகை. அன்று சாயங்காலம் கயலுக்கு நான் எந்தக் கதையும் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து புதிதாக ஒருவர் அவளோடு ஆட உட்கார்ந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் கை மெதுவாகிவிட்டது. சுலபமான காய் ஒன்றை வேண்டுமென்றே விட்டார். எனக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவளே, "அண்ணே, ஒழுங்கா அடிங்க. இல்லாட்டி எந்திரிங்க" என்றாள். அவர் வெட்கப்பட்டு, ஒழுங்காக அடித்தார். கடைசிக் காயில் கயல் தோற்றாள். எந்த அடியில் ஆட்டம் கைநழுவியது என்று அவரோடு முக்கால் மணி நேரம் சண்டை பிடித்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் எழுந்து போகவில்லை தங்கச்சி. சமாதானம் சொல்லவில்லை. இம்புட்டு வாய் உள்ளவன் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.