காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தவருக்கு

புளி காயப்போட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பரணில் கையை விட்டு இழுத்தேன். உங்கள் சாக்கு வந்தது. அதை எத்தனை தடவை சலவைக்காரம் போட்டு அலசியிருப்பேன்! கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று நினைத்துவிட வேண்டாம், சிரிப்புத்தான் வந்தது. கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இந்தச் சாக்கில் மல்லாந்து படுத்து ஒரு வக்கீல் காருக்கு அடியில் நுழைவதை நம் ஆரியசாலைத் தெருவில் வேறு எந்த வீட்டில் பார்த்திருப்பார்கள்?

புளி வேறு சாக்கில் காய்கிறது. இதை மடியில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. நீங்கள் வாங்கும்போதே பழசு. ஆனாலும் என்ன மிடுக்கு! நீள மூக்கு, பெரிய பெரிய விளக்கு, உள்ளே தோல் மெத்தை, ஜன்னலுக்குப் பட்டுத் திரை, பூ வைக்கக் கண்ணாடியில் ஒரு குப்பிகூட இருந்தது. துரைசானி என்ன பூ வைத்தாளோ, நான் பிச்சிப்பூ வைத்தேன். நம் சந்தில் வத்தல் வண்டியும் அரிசி வண்டியும் போகவே இடம் கிடையாது. நம் கார் திரும்பினால் மாடெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டிக்காரர்கள் ஏசாத ஏச்சில்லை. எதிர்த்த வத்தல் மண்டிக்காரர், "வக்கீலுக்குக் கேஸு சின்னது, காரு பெருசு" என்று உங்கள் காதில் விழும்படியே சொன்னார். "சரியாத்தான் சொல்லுகாரு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கார் பெருசு, அதன் நோய்நொடி அதைவிடப் பெருசு. இன்றைக்கு டயர் என்றால் நாளைக்கு ஸ்பிரிங்கு. டிரைவர் வைக்க நமக்கு வக்கில்லை. "நாமளே பாத்துக்கிடுவோம்" என்றீர்கள். அந்த 'நாமளே'யில் நானும் சேர்த்தி என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் தடவை ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிய நாளில் நான் அடுக்களைக்குப் போகப் பார்த்தேன். "நில்லு பிள்ளே, நீ இல்லாம நான் அடியில போகமாட்டேன்" என்றீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. உலை கொதிக்கிறது, இவர் காருக்குக் காவல் நிற்கச் சொல்கிறார்! அப்போதுதான் உங்கள் ஊர்த் தேரைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் பெரியப்பாமாருக்குத் தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிற உரிமை. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிற தேரை, சக்கரத்தின் வாயில் கட்டையைக் கொடுத்து நிறுத்தவும் திருப்பவும் வேண்டும். கட்டை போடுகிறவர் குனிந்திருப்பார், அவருக்குத் தேர் தெரியாது. எதிரே ஒருவர் நின்று பார்த்துக் குரல் கொடுப்பார். போடு என்றால் போட வேண்டும், எடு என்றால் எடுக்க வேண்டும்.

"ஏன்னு கேட்டுக்கிட்டு நின்னா கை போயிரும். எங்க பெரியப்பா ஊருக்கே அடங்காத மனுசன். தேரன்னைக்கு மட்டும் எதிர்த்தால நிக்கவன் வாய்க்கு அடங்கி இருப்பாரு" என்றீர்கள்.

அப்படித்தான் நான் குரல் கொடுக்கிற ஆள் ஆனேன். எனக்கு இரண்டே வார்த்தை: 'போகலாம்', 'வேண்டாம்.' உங்கள் முறை எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. கிணற்றடிக் கல்தளத்தில்தான் காரை நிறுத்த வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கிக்கு அடியில் அயினி மரப் பலகை. தூக்கியதும் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஆக்சிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் அயினிக்கட்டையை அடுக்கி, காரை மெல்ல அதன் மேல் இறக்கிவிட வேண்டும். "தூக்கதுதான் ஜாக்கிக்க வேலை. தாங்கது கட்டை" என்பீர்கள். பிறகு நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்துக் காரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பேன். அசையவில்லை என்றால் 'போகலாம்.' அந்தத் தெருவில் ஆக்சில் என்ற சொல்லை வாயில் போட்ட பொம்பளை நான் ஒருத்திதான். தண்ணீர் கோர வந்த பெண்கள் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! எனக்கு அந்த நேரம் தலை நிமிர்ந்துதான் இருக்கும்.

வீட்டுக்குள்ளே நீங்கள் ஒன்றும் அப்படிச் சொல்பேச்சுக் கேட்கிறவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பாரில் காயம் கூடிவிட்டது என்றால் கூடிவிட்டதுதான், அப்பீலே கிடையாது. கார் தூக்குகிற நேரத்தில் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

பிறகு வந்தது அந்த நாள்.

வஞ்சியூர் கோர்ட்டில் அவர் நடந்து வந்தால் மற்ற வக்கீல்கள் எழுந்து நிற்பார்களே, அந்தப் பெரிய வக்கீல், நாகர்கோவிலில் ஒரு வயல் வழக்குக்கு உங்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் உங்கள் பெயர் நாலு பேர் வாயில் வரும். சின்ன வாடகைக் கேசுகளோடு கிடந்து மல்லாட வேண்டாம். நான் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். "உம்ம வண்டியிலேயே போவோம், கட்சிக்காரன் பாக்கட்டும்" என்று அவர் சொல்லியனுப்பியது நமக்கு இன்னும் பெருமை. காரைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தீர்கள்.

காலையில் அவர் வந்து நடையில் நிற்கிறார். நீங்கள் காரைக் கொட்டகையிலிருந்து எடுக்கிறீர்கள். பாதி முற்றம் வந்ததும் பிரேக்கு தொளதொளவென்று போய்விட்டது. குனிந்து பார்த்தால், பின்பக்கம் பிரேக்குக் கம்பியைப் பூட்டியிருந்த ஊசி எங்கோ விழுந்து, கம்பி தனியாகத் தொங்குகிறது. கார் நிற்பதோ வெறும் மண்ணில். முந்தின நாள் ஐப்பசித் துலாமழை அடித்து ஊற்றி மண் ஊறிக் கிடக்கிறது.

"ஒரு ஊசி மாட்டணும், அவ்வளவுதானே? ரெண்டு மினிட்டுக் காரியம். சீக்கிரம் வே" என்றார் பெரியவர். கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.

முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தீர்கள். பலகை போட்டு, ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினீர்கள். அயினிக்கட்டை எடுக்கக் கொட்டகைக்குத் திரும்பினீர்கள். "அதெல்லாம் எதுக்கு? காரு தூக்கித்தானே நிக்குது! கோர்ட்டு நமக்காகக் காத்திருக்குமா?" என்றார் அவர். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். ஒருநாளும் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. கட்டை எடுக்காமலே சாக்கை விரித்துப் படுத்துவிட்டீர்கள். என்னிடம் கேட்கவும் இல்லை. தலையும் தோளும் உள்ளே போயாயிற்று.

நான் ஜாக்கியின் அடியைப் பார்த்தேன். பலகையின் ஒரு ஓரத்தில் செந்தண்ணீர் கசிந்து மேலே வந்தது. மறு ஓரம் மண்ணைவிட்டு லேசாக எழும்பியிருந்தது. விழப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பெரிய மனுசர் முன்னால் வாய் திறக்கலாமா என்று ஒரு நொடி தயங்கினேன்.

"வேண்டாம். வெளிய வாங்க" என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். சாக்கோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, எழுந்து, தோளில் ஒட்டிய மண்ணைத் தட்டினீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை? கிடையாது. என்ன ஆச்சு என்று ஒரு பார்வை? அதுவும் கிடையாது. பெரியவரைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிக்கணும் சார். வீட்டில வேண்டாம்னு சொல்லியாச்சு" என்றீர்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கோர்ட்டிலயும் வீட்டில கேட்டுட்டுத்தான் வாதாடுவேரோ?" என்றார். மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

நீங்கள் அதற்கும் நிதானமாகத்தான் பதில் சொன்னீர்கள். "வாதாடுகதுக்கு வேண்டாம் சார். வண்டிக்கு அடியில போகதுக்குக் கேக்கணும். கேக்காம போனது எனக்கத் தப்பு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைவிட்டு வெளியே போய், வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார். நீங்கள் அவர் பின்னால் ஓடவில்லை. மூட்டைக்காரர்களைக் கூப்பிட்டுக் காரை ஜாக்கியிலிருந்து இறக்கினீர்கள். கிணற்றடிக் கல்தளத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். மறுபடி தூக்கிக் கட்டையில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தோளைக் கொடுத்து ஆட்டிவிட்டு 'போகலாம்' என்றேன். அடியில் போய் ஊசியை மாட்டினீர்கள்.

பாருங்கள், கார் விழவே இல்லை! அந்த ஈர மண்ணில், சரிந்த பலகையில், இறக்குகிற வரைக்கும் ஜாக்கி நின்றுதான் இருந்தது. அதுதான் என்னைத் தின்றது. தடாலென்று விழுந்து தொலைந்திருந்தால் தெரு முழுக்க, 'மகராசி, தாலியைக் காப்பாத்திட்டா' என்று சொல்லியிருக்கும். விழாததால் நீங்கள் 'வீட்டில வேண்டாம்' வக்கீல் ஆனீர்கள். கோர்ட்டு வராந்தாவில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்களாம். மண்டிக்காரர் ஒருநாள் என்னிடமே, "அம்மா, எங்க வண்டியும் வெளிய போகணும், போகலாமா?" என்று கேட்டார். "மாட்டைக் கேளும், அது சொல்லும்" என்று கதவைச் சாத்தினேன்.

வழக்கு வேறொருவருக்குப் போயிற்று. பெரியவர் ஜெயித்தார். கூட நின்ற அந்த இளைய வக்கீலின் பெயர் நாகர்கோவில்வரை போயிற்று. அந்தச் சேதி வந்த அன்று நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வெடித்தேன். "என் வாயால உங்க பிழைப்பே போச்சே! காரு விழவே இல்லையே! நான் பேசாம இருந்திருந்தா அந்த இடத்தில இன்னைக்கு நீங்கல்லா நிப்பீங்க!"

நீங்கள் கையைக் கழுவவில்லை. இலைக்கு முன்னால் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"காரு விழுந்திருந்தா என்ன சொல்லுவாங்க? பயந்து வெளிய வந்தான், தப்பிச்சான்னு சொல்லுவாங்க. விழல்ல. அப்பம் நான் எதுக்கு வந்தேன்? நீ சொன்னதுக்காக வந்தேன். வேற ஒரு காரணமும் இல்ல. அது எனக்குப் பெருமைதான் பிள்ளே. ஊரு எப்பிடி வேணும்னாலும் கூப்பிடட்டும்" என்றீர்கள்.

பிறகு மோர் கேட்டீர்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினேன், பாதி இலைக்கு வெளியே போயிற்று. அதற்கும் ஏசினீர்கள்.

அந்தப் பெரிய வழக்கு மாதிரி இன்னொன்று உங்களுக்கு வாய்க்கவில்லை. சின்னக் கேசுகளோடுதான் கடைசிவரை இருந்தீர்கள். சீமையில் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போன காலத்தில் நாம் இரண்டு பேருமே காரைத் தூக்கி நாலு பக்கமும் கட்டையில் உட்காரவைத்தோம். அப்போதும் என் வாயைப் பார்த்துத்தான் நின்றீர்கள். தலை நரைத்துப்போன பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. காய்ச்சல் வந்து நீங்கள் போன பிறகு கார் விலைக்குப் போயிற்று. நல்ல ஆள்தான் வாங்கினார், கவலை வேண்டாம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்கள் வருஷத் திவசத்துக்கு உங்கள் தம்பிமார் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சடங்கெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் அவர்களோடு ஊருக்கு வந்துவிட வேண்டுமாம். ஒற்றையில் இருக்கக் கூடாதாம். பெட்டி கட்டக் கயிறுகூட வாங்கி வந்திருந்தார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள், குற்றம் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போயிருப்பேன்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் மதினி? என்ன காரணம்னு சொல்லுங்க. காரணம் இல்லாம வேண்டாம்னு சொன்னா எப்படி?" என்றான் சின்னவன்.

காரணம் இருந்தது. நாலைந்து இருந்தது. சொல்லவும் வாய் எடுத்தேன். ஆனால் உங்கள் படம் எதிரே இருந்தது. குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்: "நான் வேண்டாம்னா உங்க அண்ணன் காருக்கு அடியில இருந்தே எந்திரிச்சு வருவாரு. காரணம் கேக்கமாட்டாரு."

பிறகு பெரியவன் எழுந்து அந்தக் கயிற்றை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.