வலது சீட்டுக்காரன்

மச்சான்,

இன்று காலை பண்டார் பாரு சாலையில் ஒரு செம்பனை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பழுத்த குலைகளின் வாடை காருக்குள் ஏறியதும் என் வாய் தானாக, "பொறு, பொறு" என்றது. யாரிடம் சொன்னேனோ! ஓட்டியது நான். வலது சீட்டில் என் மனைவி.

நீ இருந்தவரை அது என் சீட். நம்மூர்க் கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். உன் பழைய அமெரிக்கக் காருக்கு இடப்பக்கம். அதன் மூக்கே ஒரு கட்டில் நீளம். லாரியைத் தாண்டும்போது எதிரே வருவது உனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்த்து "போ" என்பேன், நீ மிதிப்பாய். லூனாஸில் உன் டயர் கடைக்கு வருகிறவர்கள், "எதுக்கு இந்த யானைய கட்டி தீனி போடுற? வித்துட்டு நல்ல கெரேத்தா வாங்குலா" என்பார்கள். நீ என்னைக் காட்டி, "கண்ணு இவன்கிட்ட இருக்கு, இவன கேளு" என்று சிரிப்பாய்.

ஒருநாள் இதே சாலையில், ஒரு வளைவில் நான் "போ" என்றபோது எதிரே ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நீ பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கியதால் எல்லோரும் பிழைத்தோம். "வளைவு மறைச்சிருச்சு மச்சான்" என்றேன். பொய். நான் பார்க்கவே இல்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இனி வரமாட்டேன் என்று வீட்டில் கிடந்தவனை மறுநாளே ஹாரன் அடித்துக் கூப்பிட்டாய். அதே சாலை, வேறொரு லாரி. "என்னா, வருதா இல்லையா?" என்றாய். இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு "போ" என்றேன். மிதித்தாய்.

உன் காரியம் முடிந்ததும் உன் மகன் சாவியைக் கொண்டுவந்தான். "உங்களுக்குத்தான் தரச் சொன்னாரு, மாமா" என்றான். விற்கவில்லை. கழுவித் துடைத்து, வாரம் ஒருமுறை ஓட்டுகிறேன்.

இன்று என் மனைவி நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரல, போங்க" என்றாள். என் கால் நகரவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கோபித்துக்கொண்டாள். லாரி ஆலைக்குள் திரும்பும்வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அன்று நீ பிரேக் போட்டதில் பொட்டலத்துச் சம்பல் என் சட்டையெல்லாம் தெறித்திருந்தது. துடைத்துக்கொள்ளத் துணி எடுத்துத் தந்தவனே நீதான். நான் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் மறுநாள் என் சொல்லுக்கு மிதித்தாய்.