கூறு பெரிதாகும், விலை மாறாது

என் ஷம்ஷாத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியம்மாவுக்கு,

பக்கத்தில் நின்று படிப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு வீட்டிலும் யாரும் யாருக்கும் பெண் கொடுக்கவில்லை. கல்லூரியில் ஒரே தாளில் எனக்குப் பாதி, உனக்குப் பாதி. வேளாண் பொருளாதாரம் என் பக்கம், வேளாண் வணிகம் உன் பக்கம். இரண்டு பாடத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பாடத்திட்டம் வந்த அன்று, "ராஜி, நம்ம பசங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே நாம சம்பந்திங்க" என்று மேசையைத் தட்டிச் சிரித்தாய். யார் மாப்பிள்ளை வீடு என்பதில்தான் பதினேழு வருடச் சண்டை. இந்தக் கடிதத்தில் அந்தப் பதவியை உனக்கே கொடுத்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. மயிலாப்பூரில் மழை வந்து வந்து போகிறது. மதியம் இரண்டு மணிக்குக் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண் சொக்குகிறது. எனக்கும்தான். கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே நிற்கும்போது, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் கேட்கிறது. "கடைசி பெஞ்ச், கனவுல தக்காளி என்ன வெல?" என்கிறாய். பிள்ளைகள் சிரிப்பதுகூடக் கேட்கிறது. பிறகு பார்த்தால் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. அங்கே இருப்பது உன் குரலா, என் தூக்கமா? யாரிடம் கேட்பது?

உனக்குத் தெரியாததா, நான் சந்தை என்றாலே ஓடுகிறவள். தி. நகரில் அப்பாவின் பாத்திரக் கடையில், எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவில் வளர்ந்தேன். காலை முதல் பேரம், கூச்சல், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வரும் கூட்டம். இதிலிருந்து தப்பிக்கத்தான் படித்தேன். கரும்பலகையில் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் சத்தமில்லாமல் சந்தித்துக்கொள்ளும். யாரும் யாரையும் பார்த்துக் கத்த மாட்டார்கள். அந்த அமைதிக்காகவே இந்தப் பாடத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்தது.

நீ வேறு மாதிரி. வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை நொச்சிக்குப்பத்து மீன் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவாய். "மீனு எப்படி விவசாயம் ஆகும்? கடல்ல யாரு விதைச்சா?" என்று நான் வம்பு இழுப்பேன். "விதைக்காம அறுக்கறதுதான் பெரிய வியாபாரம், நீயும் வாயேன்" என்பாய். ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டாய். நான் சைவம், அந்த வாசனை எனக்கு ஆகாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன்.

போன தடவை விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். பொய். அன்று என்னிடம் ஒரு விடைத்தாளும் இல்லை. "சரி ராஜி, நக்கோன்னா நக்கோ, வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். வற்புறுத்தக்கூட இல்லை. பதினொன்றரைக்குத் திரும்பி வந்து, புடவைக் கரையில் மணலோடு, மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனாய். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் இதயம் நின்றுபோனது. அந்தக் கைக்குட்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பிறகு உன் பாதியை எடுக்க ஆளில்லை. நம் துறைத் தலைவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், அவரைக் குறை சொல்ல முடியாது. "மேடம், வணிகப் பகுதியை உங்க பகுதிக்குள்ளயே நாலு பாடமாச் சுருக்கிடலாமா? சந்தைக்குப் போறதெல்லாம் வேண்டாம். நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுத்தா வெள்ளிக்கிழமை பாடத்திட்டக் குழுவுல வச்சு முடிச்சிடலாம்" என்றார்.

உடனே எழுதிக் கொடுத்துவிடவில்லை. கடைசியாக ஒரு முறை பார்ப்போம் என்று நினைத்தேன். ஆனால் உன்னைப் போல நான் கூடப் போகவில்லை. கேள்வித்தாள் ஒன்று தயார் செய்து, கல்லூரிக்கு வருகிற வழியில் நொச்சிக்குப்பத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் மாதிரிக் கொடுத்து அனுப்பினேன். மீனின் பெயர், ஏழு மணிக்கு என்ன விலை, ஒன்பது மணிக்கு என்ன விலை, பதினொரு மணிக்கு என்ன விலை. நேரம் ஏற ஏற மீன் கெடும், விலை இறங்கும், அழகான ஒரு கோடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஏழு மணிக்கு என்ன விலையோ அதேதான் பதினொரு மணிக்கும். கோடு படுத்துக் கிடந்தது. ஒருத்தி எழுதியதை எல்லாரும் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, வகுப்பில் பொரிந்து தள்ளினேன்.

சைதாப்பேட்டையிலிருந்து வரும் கவிதா எழுந்தாள். "மேடம், மெய்யாலுமே காப்பி அடிக்கல மேடம். ஆளுக்கு ஒரு எடத்துல நின்னோம். வெல மாறவே இல்ல, நாங்க இன்னா பண்றது?"

"கெட்டுப்போற பொருளுக்கு விலை இறங்காம இருக்குமா? ரெண்டு வருஷம் பொருளாதாரம் படிச்சிட்டு இதுகூடத் தெரியாதா?" என்றேன். அவள் கண் கலங்கி உட்கார்ந்தாள். அத்தனை பேருக்கும் பூஜ்யம் போட்டேன். அன்றே, புதன்கிழமை மாலை, தலைவரின் மேசையில் கடிதத்தை வைத்தேன். சந்தைக்குப் போவதால் மாணவர்களுக்குப் பயனில்லை என்று என் கையாலேயே எழுதினேன், ஷம்ஷாத். உன் பதினேழு வருட வேலையைப் பற்றி.

வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்க முடிந்ததா? கவிதாவின் முகம் கூடவே வந்தது. வியாழன் காலை வழக்கமாக ஏறும் பேருந்தை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறி, நொச்சிக்குப்பம் என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மழை விட்டுச் சாலை முழுக்க வெளிச்சமாக இருந்தது. கரையில் படகுகள், வலை உதறும் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் கடலும் வானமும் ஒரே நிறம். எல்லாம் மெதுவாக நடப்பதாகத் தோன்றியது. வாசனை வந்தது, பத்து நிமிடத்தில் அதை மறந்தும் போனேன். சாலையோரம் ஒரு பெரிய குடையின் கீழ், பலகையில் சின்னச் சின்னக் குவியலாக மீனைப் பிரித்து வைத்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். குவியலுக்குக் கூறு என்று பெயர். தராசு இல்லை. ஒரு கூறு இன்ன விலை, அவ்வளவுதான்.

"இன்னாம்மா, மீனு வோணுமா? சும்மா பாத்துக்கினே கீற?"

"வேண்டாம்மா. கொஞ்ச நேரம் இங்க நின்னு பாத்துக்கட்டுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு என்ன விலை சொன்னாரோ, ஒன்பது மணிக்கும் அதையே சொன்னார். வெயில் ஏறியது. அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். பேசிக்கொண்டே ஒவ்வொரு கூறின் மேலும் ஒரு கிழங்கான் மீனை வைத்தார். சிறிது நேரம் கழித்து இன்னொன்று. நாலு மீன் இருந்த கூறில் பதினொரு மணிக்கு ஏழு மீன் இருந்தது. விலை மட்டும் அதேதான்.

"விலைய கொறைக்காம மீனை ஏன்மா கூட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வெலய எறக்கிட்டா நாளைக்கு எவன் காலீல வருவான்? அல்லாரும் வெய்யில் ஏறட்டும்னு வூட்ல குந்திக்கினு இருப்பான். கூறு பெருசாவும், வெல மாறாது."

பிள்ளைகள் எழுதியது அத்தனையும் உண்மை. என் கேள்வித்தாளில் விலைக்கு மூன்று கட்டம் இருந்தது. கூறின் அளவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பாத்திரக் கடைக்காரர் மகள் செய்கிற தப்பா இது? அப்பாவும் விலையைக் குறைக்க மாட்டார், குடத்தோடு ஒரு கரண்டியைச் சேர்த்துக் கொடுப்பார். தினமும் பார்த்தேனே, எங்கே போயிற்று என் புத்தி?

"நீயும் டீச்சரா?" என்றார் அந்த அம்மா. "வருசா வருசம் ஒரு பாயம்மா டீச்சர் வருவாங்களே, புள்ளீங்கள இட்டுக்கினு. ஒரு நாளும் வெல கேக்க மாட்டாங்க. கூறு எம்மாம் பெருசுன்னுதான் கேப்பாங்க. எங்க அவங்கள காணோம்?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த மீன் அப்படியே நின்றது. "அய்ய, இன்னாம்மா சொல்ற" என்றார். மீனைப் பலகையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுத்த தபா எங்க சம்பந்திய இட்டுக்கினு வரேன், எங்க சம்பந்திய இட்டுக்கினு வரேன்னு சொல்லிக்கினே இருப்பாங்க. நீதானா அது? உம் பொண்ணத்தான் அவங்க புள்ளைக்குக் குடுத்தியா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அங்கே உட்கார்ந்துதான் எட்டு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன்.

அவர் பெரிய கூறு ஒன்றைப் பையில் போட்டு, "அவங்க வூட்ல குடு" என்று என் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை. ஆட்டோவில் மடியில் மீன் பையோடு ராயப்பேட்டைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உன் வீட்டுக்காரர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ராஜியம்மா, நீங்களா? மீனா?" என்றார். "அவ இருந்திருந்தா இன்னிக்கு ஊரையே கூட்டியிருப்பா" என்றவர், சிரிக்க ஆரம்பித்து முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

மதியம் இரண்டு மணி வகுப்புக்குள் நுழைந்ததும் முன் வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். என் கையில்தான் மீன் வாசம். "உங்க பதில் எல்லாம் சரி. என் கேள்விதான் தப்பு. கவிதா, மன்னிச்சிரும்மா" என்றேன். பூஜ்யங்களை எல்லாம் அவர்கள் கண் முன்னாலேயே திருத்தினேன். பிறகு கூறு எப்படி வளர்கிறது என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அன்று ஒருத்திக்கும் கண் சொக்கவில்லை.

அங்கிருந்து நேரே தலைவர் அறைக்குப் போனேன். கடிதம் இன்னும் அவர் மேசையிலேயே இருந்தது. திருப்பித் தாருங்கள் என்றேன். "நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க? இப்ப அந்தப் பாதியை யார் எடுக்கறது?" என்றார்.

"நான் எடுக்கறேன்."

"சந்தைக்கு?"

"நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் கடிதத்தைத் தந்தார். கூடவே அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றையும் எடுத்து நீட்டினார். "வெளியே அழைச்சிட்டுப் போக அனுமதிப் படிவம். பழசைப் பாத்து அதே மாதிரி நிரப்பிக் குடுங்க."

உன் கையெழுத்தில் வருடத்துக்கு ஒரு படிவம். உடன் செல்லும் ஆசிரியர்கள் என்று அடியில் இரண்டு வரி. முதல் வரியில் உன் பெயர். இரண்டாவது வரியில் ஒவ்வொரு வருடமும் என் பெயரை எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வருடமும் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே வேறு யார் பெயரையாவது எழுதியிருக்கிறாய். இதை ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா?

கடைசிப் படிவம் போன வருடத்தது, நான் பொய் சொன்ன வருடம். அதில் மட்டும் என் பெயரை நீ அடிக்கவில்லை. அன்று வேறு ஆசிரியர் யாரும் இல்லாமல் நீ தனியாகத்தான் பிள்ளைகளோடு போனாய். ஆனால் அந்தத் தாளில் நான் உன்னோடு வந்திருக்கிறேன்.

ஏன் விட்டுவைத்தாய், ஷம்ஷாத்? மறதியா, கோபமா, வருவேன் என்ற நம்பிக்கையா? எதுவானாலும் சரி. இந்த வருடப் படிவத்தில் முதல் வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இந்தக் கல்லூரியில் நான் இருக்கும் வரை அந்தப் பெயரை யாரும் அடிக்க வேண்டி வராது. இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
கூப்பிட்டபோது வராமல் இப்போது வந்து நிற்கும்
உன் பெண் வீட்டுச் சம்பந்தி,
ராஜேஸ்வரி