உன்னைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தை

இன்று மத்தியானம் ஆலையின் சாப்பாட்டு அறையில் யாரோ உளுந்தங்களி டப்பாவைத் திறந்தார்கள். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கலந்த அந்த வாசனைக்கு என் கை தானாக நீண்டுவிட்டது. புதூரிலிருந்து கோவில்பட்டி பஸ்ஸில் நீ கொண்டுவருவாய், பாதி எனக்குத்தான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம் சோறு இறங்கவில்லை.

களி மட்டும் காரணமில்லை. சாதியையும் பிறந்த ஊரையும் வைத்து ஒருவரையொருவர் என்ன பேசக்கூடாது என்று நம் தீப்பெட்டி ஆலைக்கு விதி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர், ஸ்டோர் அண்ணாச்சி, நான், மூன்று பேர். பேனா என் கையில். யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் பார்த்தாயா!

புது சூப்பர்வைசர் வந்த அன்று, நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன்னிடம் கேட்டாரே, "எந்த ஊரும்மா?"

"புதூரு."

"புதூர்ல எங்கன? எந்தத் தெரு?"

"காலனி" என்றாய், மென்றுகொண்டே. உனக்கில்லை, எனக்குத்தான் உடம்பு கூசியது. உன்னைக் காப்பாற்றுகிற நினைப்பில், "அவளப் பாத்தா அப்படித் தெரியவே தெரியாது சார், அம்புட்டுச் சுத்தம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாய்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்டேன். "ஏட்டி, உனக்காகத்தான பேசுனேன்? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுத?"

"அந்தாளு கேட்டாரு, நான் சொன்னேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்ல. நீ எதுக்குட்டி என்னைய மறைச்ச?"

நன்றி கெட்டவள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். நீ கேட்டது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. புரிந்த பிறகாவது வந்தேனா? பொங்கல் கழியட்டும், கோயில் கொடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஐந்தே நாளில் போய்விட்டாய். பாவி, ஒரு வார்த்தை பேச எனக்கு என்ன கேடு?

சாப்பாட்டு நேரம் முடிந்து மூன்று பேரும் எழுத உட்கார்ந்தோம். தெருவைக் கேட்டுச் சாதி அறியக்கூடாது. வெளிமாநிலத் தொழிலாளர்களை 'வடக்கன்' என்று கூப்பிடக்கூடாது. அதற்குக் கீழே, அன்று நான் சொன்னதை அப்படியே எழுதினேன்.

ஸ்டோர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "இது புகழ்ந்துல்லா சொல்லுது? இதுல யாருக்கு என்ன வலிக்கப் போவுது? அடிச்சிரும்மா."

"நான் சொன்னதுதான் அண்ணாச்சி" என்றேன். யாரைச் சொன்னேன் என்று உன் பெயரையும் சொன்னேன். "அதுக்கப்புறம் அவ என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடல."

உன்னைத் தூக்கிப்போன அன்று அவரும் வந்திருந்தார். தலை குனிந்துகொண்டார். "இருக்கட்டும்க்கா" என்றார் மேனேஜர். பிறகு கடைசி விதியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இப்படிப் பேசியவர், சம்பந்தப்பட்டவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

நாளைக்கு அதை ஆலை வாசலில் ஒட்டிவிடுவார்கள். தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் நான் உள்ளே போக வேண்டும். நேரில் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நான் எங்கனட்டி வருவேன்?